வெற்றி விழா இல்லாத விடுதலை – இத்தாலியப் புதுநடப்பியல் திரைப்படங்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

போர்களின் வரலாற்றைத் தேதிகளைக் கொண்டு எழுதிவிடுவது எளிது. 1944ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் ரோம் நகருக்குள் நுழைந்தன. ஒன்பது மாத காலம் அந்நகரைத் தன் பிடியில் வைத்திருந்த ஜெர்மானியப் படை வடக்கு நோக்கிப் பின்வாங்கியது. பாடநூல் இவ்வளவு சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடும். ஆனால், அந்நகரத்து மக்கள் பட்ட பாட்டை உலகறியச் செய்த 'ரோம் – திறந்த நகரம்' என்னும் திரைப்படம் அந்த நாளைக் காட்டவேயில்லை. படைகள் வந்து சேருமுன்பே படம் முடிந்துவிடுகிறது. கொடியில்லை, மலர்மாரியில்லை, வெற்றி முழக்கமில்லை. ஒரு பாதிரியார் சுட்டுக் கொல்லப்படுகிறார்; அதைக் கம்பி வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த சிறுவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியவாறு நகரை நோக்கி இறங்கி நடக்கிறார்கள். அவ்வளவே.

விடுதலையைப் பெற்ற மக்கள் விடுதலையைப் பற்றி எடுத்த படத்தில் விடுதலை நாள் ஏன் இடம்பெறவில்லை? இவ்வினாவை முன்வைத்து, 'நியோ ரியலிசம்' என உலகெங்கும் அறியப்பட்ட இத்தாலியப் புதுநடப்பியல் திரைப்படங்கள் சிலவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாட்டும் கதையும் படைக்கும் நம் வட்டத்து அன்பர்களுக்கு இவ்வினா திரைப்படத்தை மட்டுமே சார்ந்ததாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

ஒன்பது மாதங்கள்

1943ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கின. ஜூலை 19 அன்று ரோம் நகரின்மீது குண்டு வீசப்பட்டது. உழைக்கும் மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதி பெரிதும் சிதைந்தது. ஜூலை 25 அன்று முசோலினி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஆகஸ்ட் 14 அன்று ரோம் 'திறந்த நகரம்' என அறிவிக்கப்பட்டது. போர்க்கருவிகளோ காப்பரண்களோ கொள்ளாத நகரம், ஆதலால் தாக்கப்படலாகாத நகரம் என்பது அத்தொடரின் பொருள். செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் செய்துகொண்ட செய்தி வெளியாயிற்று. மன்னரும் அமைச்சர்களும் தலைநகரை விட்டு நீங்கினர். இரண்டே நாளில் ஜெர்மானியர் நகரைக் கைப்பற்றினர். காக்கப்படும் என்று அறிவிக்கப்பட்ட நகரம் யார் வேண்டுமானாலும் புகக்கூடிய நகரமாயிற்று. படத்தின் தலைப்பில் உள்ள கசப்பு இதுதான்.

அதன்பின் வந்தவை பசியும் தேடுதல் வேட்டையும். ஆண்களைத் தெருக்களில் வளைத்துப் பிடித்துக் கட்டாய உழைப்புக்குக் கொண்டுசென்றனர். 1944 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு ஒருவருக்குரிய ரொட்டிப் பங்கீடு 100 கிராமாகக் குறைக்கப்பட்டது. ரொட்டிக் கடைகளைப் பெண்கள் முற்றுகையிட்டுச் சூறையாடினர். மார்ச் 23 அன்று ராசெல்லாத் தெருவில் எதிர்ப்பியக்கத்தினர் வைத்த வெடிகுண்டுக்கு ஜெர்மானியக் காவற்படையினர் முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். மறுநாளே அதற்குப் பழிவாங்க, அர்தியாத்தீனக் குகைகளில் 335 பேர் கொன்று குவிக்கப்பட்டனர். அவர்களுள் பியெத்ரோ பாப்பகல்லோ என்னும் பாதிரியாரும் ஒருவர். ஜுசெப்பே மொரொசினி என்னும் மற்றொரு பாதிரியார் ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விருவரின் வாழ்வும் சாவும் கலந்தே படத்தின் தொன் பியெத்ரோ என்னும் பாத்திரம் உருவாயிற்று.

ஒரு பெண்ணின் சாவு

இந்த ஒன்பது மாதங்களில் நிகழ்ந்த ஒரு சாவு தனித்து நோக்கத்தக்கது. தெரேசா குல்லாச்சே என்பவர் தெற்கே கலாப்ரியாவிலிருந்து ரோமுக்கு வந்து வாழ்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய், மீண்டும் கருவுற்றிருந்தவர். அவருடைய கணவர் தேடுதல் வேட்டையில் பிடிபட்டு, ஜூலியோ சேசரே சாலையிலிருந்த படைமுகாமில் அடைக்கப்பட்டிருந்தார். 1944 மார்ச் 3 அன்று, அம்முகாமின் முன் பெண்கள் திரண்டு தம் ஆண்களை விடுவிக்கக் கோரினர். கணவரை அணுக முயன்ற தெரேசாவை ஜெர்மானியப் படைவீரன் ஒருவன் அனைவர் கண்முன்னும் சுட்டுக் கொன்றான்.

இச்சாவுதான் படத்தில் பீனாவின் சாவாக மாறிற்று. பீனா ஒரு கைம்பெண். ஒரு மகனுக்குத் தாய். அச்சுத்தொழிலாளியான பிரான்செஸ்கோவை மணக்க இருப்பவள். அவனுடைய கருவைச் சுமப்பவள். திருமணத்துக்குரிய நாளின் காலையில் வீடுகள் முற்றுகையிடப்படுகின்றன. பிரான்செஸ்கோவை வண்டியில் ஏற்றிச் செல்வதைக் கண்டு, காவலரை உதறிவிட்டு, அவன் பெயரைக் கூவிக்கொண்டே வண்டியின் பின்னே ஓடுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது, நடுத்தெருவில் விழுகிறாள். படம் அப்போது ஏறத்தாழப் பாதிதான் நடந்திருக்கிறது. தலைமைப் பாத்திரம் என நாம் நம்பிவந்த பெண்ணை இழந்தபின்னும் கதை நிற்காமல் செல்கிறது. போர்க்காலத்தில் வாழ்க்கை அப்படித்தான் சென்றது என்பதைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை. பீனாவாக நடித்த அன்னா மஞ்ஞானி இந்த ஓட்டத்தால் உலகப் புகழ் பெற்றார்.

பீனா முதன்முதலில் திரையில் தோன்றும் இடத்தையும் மறக்கலாகாது. ரொட்டிக் கடை சூறையாடப்படுகிறது. பை நிறைய ரொட்டியுடன் அவள் வெளியே வருகிறாள். ஊர்க் காவலர் ஒருவர் அவளைத் தடுக்கவில்லை. கனத்த பையைச் சுமக்க அவளுக்குத் துணை செய்கிறார். அவளைக் காவிய நாயகியாக உயர்த்திக் காட்ட இயக்குநர் முயலவில்லை. ரொட்டி, குடியிருப்பின் மாடிப்படி, அண்டை வீட்டாருடன் பூசல், பிள்ளையின் குறும்பு ஆகியவற்றுக்கு நடுவிலேயே அவளுடைய துணிவு வெளிப்படுகிறது.

தெரேசாவின் பெயர் படத்தில் இல்லை. நிகழ்ச்சிகளும் மாந்தரும் உண்மையின் தூண்டுதலால் பிறந்த கற்பனையே என்னும் அறிவிப்பு மட்டும் உண்டு. இத்தாலிய அரசு 1977ஆம் ஆண்டில்தான் தெரேசாவுக்குக் குடிமைச் சிறப்புக்கான தங்கப் பதக்கம் வழங்கிற்று. அரசு நினைவுகூர 33 ஆண்டுகள் ஆயின. கலை ஈராண்டுக்குள் நினைவுகூர்ந்தது. ஆனால் கலை அவருடைய பெயரை எடுத்துக்கொள்ளாமல் சாவை மட்டும் எடுத்துக்கொண்டது. நன்றியும் உறுத்தலும் ஒருசேரத் தோன்றும் இடம் இது.

படம் பிறந்த சூழல்

இப்படத்தின் படப்பிடிப்பு 1945 ஜனவரியில் தொடங்கிற்று. ரோம் விடுதலை பெற்றிருந்ததே தவிர, வடஇத்தாலி இன்னும் ஜெர்மானியர் கையில் இருந்தது. முசோலினி 1937இல் திறந்துவைத்த சினேசித்தா என்னும் பெரும் படப்பிடிப்புத் தளம் வீடிழந்தோர் தங்கும் முகாமாகியிருந்தது. எனவே இயக்குநர் ரொபெர்த்தோ ரொசெலினி அவிஞோனேசித் தெருவில், முன்பு நாய்ப் பந்தயச் சூதாட்டம் நடந்த கூடமொன்றில் கெஸ்டாப்போ அலுவலகத்துக்கான அரங்குகளை அமைத்தார். உரையாடல்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. பீனா விழும் காட்சி மோந்தேகுக்கோலித் தெருவிலேயே எடுக்கப்பட்டது. கதையை எழுதியவர்களுள் செர்ஜோ அமிதேயும், பின்னாளில் பெரும் இயக்குநராக விளங்கிய பெதரிக்கோ பெல்லினியும் அடங்குவர். 1945 செப்டம்பரில் ரோமில் திரையிடப்பட்ட இப்படம் 1946இல் கான் திரைப்பட விழாவின் பெரும்பரிசைப் பெற்ற படங்களுள் ஒன்றாயிற்று.

கிடைத்த துண்டுச் சுருள்களையெல்லாம் ஒட்டியே படம் எடுக்கப்பட்டது என்று ஒரு பழங்கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. தட்டுப்பாடு உண்மையே. எனினும், பிற்காலத்தில் மூலச்சுருளைச் செப்பனிட்டவர்கள் அக்கதை சொல்லுமளவுக்கு அது துண்டு துணுக்குகளால் ஆனதன்று என்று கண்டனர். 'நடிகரல்லாதோரைக் கொண்டே எடுத்தனர்' என்பதும் முழுவுண்மையன்று. மஞ்ஞானியும், பாதிரியாராக நடித்த ஆல்தோ பப்ரீட்சியும் மேடையிலும் திரையிலும் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர்கள். ஏழ்மை மட்டும் இப்படங்களைப் படைத்துவிடவில்லை. எதைக் காட்ட வேண்டும் என்னும் தெளிவே படைத்தது. முந்தைய பத்தாண்டில் இத்தாலியத் திரையில் மலிந்திருந்தவை செல்வர் மாளிகைகளின் காதல் விளையாட்டுகள். அவற்றில் அடிக்கடி தோன்றிய பகட்டுப் பொருளைக் கொண்டு அவற்றை 'வெள்ளைத் தொலைபேசி'ப் படங்கள் என்றே அழைத்தனர். அந்தத் தொலைபேசி இருந்த இடத்தில் இப்போது ரொட்டிப் பை வந்தது.

ஊர்க்காரர் என்னும் சொல்

ரொசெலினியின் அடுத்த படம் 'பாயிசா' (1946). தென்னித்தாலிய வழக்கில் 'ஊர்க்காரரே' என்று உரிமையோடு விளிக்கும் சொல் அது. சிசிலியில் தொடங்கி, நேப்பிள்ஸ், ரோம், புளோரன்ஸ், மலைநாட்டு மடம் ஒன்று, போ ஆற்றின் கழிமுகம் என ஆறு கதைகள், படைகள் முன்னேறிய வழியிலேயே தெற்கிலிருந்து வடக்கே செல்கின்றன. இத்தாலியமும் அதன் வட்டார வழக்குகளும் ஆங்கிலமும் ஜெர்மனும் அவரவர் வாயில் அப்படியே ஒலிக்கின்றன. வட்டார வழக்குகளை ஒடுக்க முயன்ற பாசிச ஆட்சிக்குப் பின்னர் இது சிறிய செயலன்று.

மொழி தெரியாமையே இப்படத்தின் துயரம். சிசிலிக் கதையில் கார்மேலா என்னும் பெண்ணும் ஜோ என்னும் அமெரிக்க வீரனும் சில சொற்களைக் கொண்டு பேச முயல்கின்றனர். தன் குடும்பத்தின் புகைப்படத்தைக் காட்ட அவன் தீக்கொளுத்திய வெளிச்சமே அவனைப் பகைவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. அவனுக்காகத் துப்பாக்கி ஏந்திய அவளும் உயிரிழக்கிறாள். திரும்பி வந்த அமெரிக்கரோ அவள்தான் அவனைக் கொன்றாள் என்று எண்ணிப் பழிக்கின்றனர். உண்மையை அறிந்தவர் பார்வையாளர் மட்டுமே.

நேப்பிள்ஸ் கதையில் கறுப்பினத்தவரான அமெரிக்க இராணுவக் காவலர் ஒருவரின் காலணிகளைத் தெருச் சிறுவன் திருடுகிறான். பின்னொரு நாள் அவனைப் பிடித்து, பெற்றோரிடம் அழைத்துச் செல்லும்படி அதட்டுகிறார். சிறுவன் அவரைக் குகையொன்றுக்கு அழைத்துச் செல்கிறான். குண்டுவீச்சில் வீடிழந்தோர் மந்தையாய் வாழும் இடம். பெற்றோர் இறந்துவிட்டனர் என்று அறிகிறார். காலணிகளை அங்கேயே போட்டுவிட்டு அவர் சொல்லின்றிப் போய்விடுகிறார். தம் நாட்டில் தமக்குக் காத்திருப்பதும் ஒரு குடிசையே என்பதை முன்னரே போதையில் புலம்பியவர் அவர். வென்றவரும் தோற்றவரும் என்னும் பிரிவு அந்தக் குகை வாயிலில் பொருளற்றுப் போகிறது.

ரோம் கதையில்தான் விடுதலை நாள் ஒருமுறை தோன்றுகிறது. மக்கள் ஆரவாரம் செய்கின்றனர். பிரான்செஸ்கா என்னும் பெண் களைத்து வந்த வீரன் ஒருவனுக்குத் தண்ணீர் தருகிறாள். ஆறு மாதம் கழிகிறது. வறுமை அவளை உடல் விற்கச் செய்திருக்கிறது. அதே வீரன் குடிபோதையில் அவளிடமே வந்து, அன்று கண்ட பெண்ணை நினைந்து ஏங்குகிறான். எதிரில் இருப்பவள் அவளே என்று அவனுக்குத் தெரியவில்லை. இறுதிக் கதையில், 1944 குளிர்காலத்தில், பிடிபட்ட எதிர்ப்புப் போராளிகள் கைகள் பிணிக்கப்பட்டு ஒவ்வொருவராகப் படகிலிருந்து ஆற்றில் தள்ளப்படுகின்றனர். அடுத்த இளவேனிலில் போர் முடிந்தது என்று ஒரு குரல் சொல்ல, நீரில் வட்டங்கள் விரிகின்றன. வரலாற்றின் மங்கலச் செய்தி, அதைக் கேட்க இயலாதோரின் தலைக்குமேல் சொல்லப்படுகிறது.

விடுதலைக்குப் பின்

ரொசெலினி விடுதலைக்கு முந்தைய நாள்களைக் காட்டினார். வித்தோரியோ டி சிகாவும் எழுத்தாளர் செசரே சவாத்தீனியும் அதற்குப் பிந்தைய நாள்களைக் காட்டினர். 'ஷூஷா' (1946) என்னும் தலைப்பு, 'ஷூ ஷைன்' என்னும் ஆங்கிலத் தொடர் இத்தாலியச் சிறுவர் வாயில் சிதைந்து பிறந்த சொல். அமெரிக்க வீரர்களின் காலணிகளைத் துடைத்துச் சேர்த்த காசில் குதிரை ஒன்று வாங்க விரும்பும் இரு நண்பர்கள், கள்ளச் சந்தைக் கம்பளி விற்பனையில் தம்மை அறியாமல் சிக்கிச் சிறார் சிறைக்குச் செல்கின்றனர். அங்கே அதிகாரிகளின் சூழ்ச்சி அவர்களுடைய நட்பைக் குலைக்கிறது. முடிவில் ஒருவன் மடிகிறான். இச்சிறையை நடத்துவோர் ஜெர்மானியர் அல்லர். விடுதலை பெற்ற இத்தாலியின் சொந்த அதிகாரிகள்.

'பைசிகிள் தீவ்ஸ்' என்று நாம் அறிந்த படம் (1948) இதன் தொடர்ச்சி. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு மிதிவண்டி வேண்டும். அடகிலிருக்கும் வண்டியை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். அடகுக்கடையில் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும் பிறர் வீட்டு விரிப்புகளை நாம் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு நகரத்தின் துயரமாக விரிய அந்த ஒரு காட்சி போதும். தந்தையாக நடித்த லம்பெர்த்தோ மாஜொராணி உண்மையிலேயே ஆலைத் தொழிலாளி. படம் முடிந்தபின் ஆலைக்குத் திரும்பிய அவர் ஆட்குறைப்பில் வேலையிழந்தார். கதை திரையோடு முடியவில்லை.

சொல்லாமல் விட்டவை

இப்படங்களைப் போற்றும்போது அவற்றின் மௌனங்களையும் வரலாற்று மாணவர் கணக்கில் கொள்ள வேண்டும். 1943 அக்டோபர் 16 அன்று ரோம் நகரத்து யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட, திரும்பி வந்தவர் 16 பேரே. அந்த ஒன்பது மாதங்களைச் சொல்லும் 'ரோம் – திறந்த நகரம்' இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கார்லோ லித்சானியின் 'ரோமின் பொன்' (1961) போன்ற படங்கள் பின்னரே அதைத் தொட்டன. கொடுமையெல்லாம் அயலாரிடமிருந்தே வந்தது போன்ற தோற்றமும் படத்தில் ஓரளவு உண்டு. இருபதாண்டு பாசிச ஆட்சியை இத்தாலியரே தாங்கி நின்றனர் என்பது அதில் மங்கலாகவே தெரிகிறது. ரொசெலினியும் 1941 முதல் 1943 வரை அந்த ஆட்சியின் போர் முயற்சிக்குத் துணையான மூன்று படங்களை எடுத்தவரே. விடுதலையின் கலைஞர்கள் விடுதலை நாளன்று புதிதாகப் பிறந்து வந்தவர்கள் அல்லர். இதை அறிவதால் படங்களின் மதிப்புக் குன்றாது. எந்தச் சாட்சியும் முழுச் சாட்சியன்று என்னும் அறிவு கூடும்.

அரசுக்கு இச்சாட்சியங்கள் உவப்பாக இல்லை. திரைத்துறைப் பொறுப்பிலிருந்த ஜூலியோ ஆந்திரேயோத்தியின் முயற்சியால் 1949இல் வந்த சட்டம் இத்தாலியப் படங்களுக்கு நிதியுதவி தந்தது. கூடவே கதைகளை முன்கூட்டியே சரிபார்க்கும் வாய்ப்பையும் அரசுக்குத் தந்தது. டி சிகாவின் 'உம்பெர்த்தோ தி' (1952) வெளியானபோது, நாட்டின் பெயருக்கு ஊறு செய்வதாக அவரைக் கண்டித்து ஆந்திரேயோத்தியே எழுதினார். வறுமை இருப்பதைவிட அதைக் காட்டுவது பெருங்குற்றமாகத் தோன்றிய காலம் அது.

ஆயினும் இப்படங்கள் எல்லை கடந்தன. 1950இல் லண்டனில் 'பைசிகிள் தீவ்ஸ்' பார்த்த சத்யஜித் ராய் 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார். 1952இல் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்த இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இத்தாலியப் படங்கள் பலரையும் கவர்ந்தன. இத்தாலியிலும் அம்மரபு மறையவில்லை. பாவ்லா கொர்த்தெல்லேசி இயக்கி நடித்து 2023இல் பெருவெற்றி பெற்ற 'நாளை இன்னும் உண்டு' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் 1946ஆம் ஆண்டு ரோமில் நிகழ்கிறது. கணவனிடம் அடிபடும் ஓர் இல்லத்தரசி, பெண்கள் முதன்முறையாக நாடளாவிய தேர்தலில் வாக்களித்த ஜூன் மாதத்தை நோக்கி நகரும் கதை அது. பீனாவின் தெருவில் வாழ்ந்து எஞ்சிய பெண்களுக்கு விடுதலை எப்போது வந்தது என்று 77 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

கவிஞர்களுக்கு

போர் முடிந்தபோது எல்லாரும் கதை சொல்லத் துடித்தனர், எழுத்தாளரும் அக்கூட்டத்துள் ஒருவராகவே பேசினர் என்று இத்தாலோ கால்வினோ 1964இல் தம் முதல் நாவலுக்கு எழுதிய முன்னுரையில் நினைவுகூர்கிறார். இருண்மை செறிந்த தனிமொழிக் கவிதை எழுதிவந்த குவாசிமோதோ, 1947இல் வெளியான தொகுப்பில் பொதுத் துயரைப் பாடத் தலைப்பட்டார். திரையும் கதையும் கவிதையும் ஒரே தெருவில் நடந்த காலம் அது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். விடுதலை நாளை அவர்கள் காட்டாததற்குக் காரணம், அந்த நாள் வந்தபோது தெரேசா அங்கே இல்லை என்பதே. இருந்தோருக்கும் அந்த நாள் ரொட்டியையோ வேலையையோ கொண்டுவந்து கையில் தந்துவிடவில்லை. கலைஞர் எவர் பக்கம் நின்று பார்க்கிறாரோ அவருக்கு எது தெரிந்ததோ அதுவே படத்துக்குள் வரும். நம் மரபுக்கு இது புதிதன்று. வெற்றியைப் பாடும் வாகைக்கு அடுத்து, நிலையாமையைப் பாடும் காஞ்சியைத் தொல்காப்பியர் வைத்தார். கணவனை இழந்தவள் நிலையும் மடிந்தோரைச் சூழ்ந்தழும் சுற்றத்தின் நிலையும் அங்கேதான் துறைகளாகின்றன. ஆனால் விடுதலை நாள் கவியரங்குகளில் நாம் பெரும்பாலும் வாகையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் பாட வேண்டியவை பல. அவற்றுள், பெயர் எழுதப்படாமல் போன ஒருவரின் பெயரைத் தேடி அறிந்து, அப்பெயரோடு பாடும் பாட்டும் சில இருக்கட்டும். ரொசெலினி செய்யாது விட்டது அதுவே.